சாயமேறிய தாள்: ஜப்பானியத் துணிக்கலை காகிதத்துக்கு வந்த வழி

1. கேள்வியும் வழக்கிலுள்ள விடைகளும்

ஜப்பானில் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்ட முறைகள் பலவும் கைத்தாளில் கையாளப்பட்டிருக்கின்றன. வெட்டுத்தாள் வழியே அரிசிப்பசையைப் பூசி, பசை படாத இடங்களுக்கு நிறமேற்றுவது கத்தசோமே. மடித்துப் பலகைகளுக்கு இடையே இறுக்கிச் சாயத்தில் தோய்ப்பது இத்தாஜிமே. நீலச்சாயத் தொட்டியில் முக்கியெடுப்பதும், கசக்கிய தாளுக்கு நிறம் பூசுவதும் இவற்றோடு சேரும். இப்படி உருவாகும் தாள்கள் நாட்காட்டியாகவும் நூலட்டையாகவும், பெட்டிகளுக்கு மேலுறையாகவும், சட்டமிட்டு மாட்டும் படமாகவும் புழங்குகின்றன.

இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் மூன்று பார்வைகள் உண்டு. துணியை வாங்க முடியாதவருக்குத் துணியின் அழகைத் தரும் மலிவான மாற்று என்பது முதல் பார்வை. துணியும் தாளும் ஒரே நாட்டார் கைவினை மரபின் இரு கிளைகள் என்பது மிங்கெய் எனப்படும் மக்கள் கைவினை இயக்கத்தாரின் பார்வை. அச்சுப்பட வரலாற்றை எழுதுவோர் இவற்றை மரக்கட்டை அச்சுக்கு அடுத்ததொரு வகையாக வைப்பார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் துணியில் பிறந்து முதிர்ந்த நுட்பம் பிற்காலத்தில் தாளுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற எண்ணம் மூன்றுக்கும் பொதுவாக இருக்கிறது. சான்றுகளைப் பார்த்தால், தாள் தொடக்கத்திலிருந்தே சாயக்காரர் கையில் கருவியாக இருந்தது தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றம், கருவியாக இருந்த தாளே படைப்பைத் தாங்கும் பொருளாகவும் ஆனதுதான். அந்த மாற்றத்தோடு கோலத்தின் அமைப்பே மாறியது.

2. சாயக்காரர் கையிலிருந்த தாள்

கத்தசோமேக்கு ஆதாரம் வெட்டுத்தாள். கத்தகமி எனப்படும் இது, கோசோ என்ற காகித மல்பெரி மரப்பட்டை நாரால் செய்த கைத்தாள்களை, நாரோட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி ஒட்டிச் செய்யப்படுவது. ஒட்டும் பொருள் காகிஷிபு, அதாவது பழுக்காத சீமைப்பனிச்சைக் காயை இடித்துப் புளிக்கவைத்து எடுக்கும் துவர்ச்சாறு. தமிழகத்துப் பனிச்சை மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. அந்தத் துவர்ப்பு காய்ந்ததும் நீர் புகாத படலமாக இறுகும். ஒட்டிய தாளை வெயிலில் உலர்த்தி, புகையறையில் பல நாள் வைத்துப் புகையூட்டுவார்கள். அதன்பின் அது ஆழ்ந்த பழுப்பு நிறம் பெற்று, ஈரப்பசையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாலும் சுருங்காமல் விரியாமல் நிற்கும்.

இந்தத் தாள் வெட்டுவதற்குப் பேர்பெற்ற இடங்கள் மியே மாநிலத்தின் ஷிரோகோ, ஜிகே என்னும் ஊர்கள். இரண்டும் இன்றைய சுசுகா நகருக்குள் அடங்கும். எதோ காலத்தில் (1603–1868) கிஷூ தொகுகவா ஆட்சியாளரின் ஆதரவு அவ்வூர் வணிகர்களுக்கு இருந்ததால், வெட்டுத்தாள்கள் நாடெங்கும் விற்பனையாயின. அரைவட்ட முனையுள்ள உளியைச் சுழற்றிப் புள்ளி எடுப்பது, நேர்க்கத்தியைக் குத்திக் குத்தி நகர்த்துவது, பூவிதழ் வடிவில் செய்த முனைகளால் துளையிடுவது, அளவுகோலை வைத்துக் கோடு இழுப்பது என்று நான்கு வெட்டுமுறைகள் அங்கே வளர்ந்தன. சாமுராய்களின் முறைசார் உடைக்கான நுண்புள்ளிக் கோலங்கள், சற்றுத் தள்ளி நின்றால் ஒற்றை நிறமாகத் தெரியும் அளவுக்கு நெருக்கமானவை. 1955ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு, இந்தத் தொழிலைச் சேர்ந்த ஆறு பேரை வாழும் தேசியச் செல்வங்கள் என அறிவித்தது.

வெட்டுத்தாளில் நடுவே தனித்து நிற்கும் துண்டு விழுந்துவிடும். எனவே எந்த வடிவமும் எங்காவது ஓர் இணைப்பால் சுற்றியுள்ள தாளோடு தொடுக்கப்பட்டிருக்க வேண்டும். மெல்லிய தாள்கள் இரண்டுக்கு நடுவே பட்டிழைகளைப் பரப்பி ஒட்டுவது பழைய தீர்வு. இருபதாம் நூற்றாண்டில் அதற்குப் பதிலாகப் பட்டு வலைத்துணியை அரக்குப்பூச்சால் ஒட்டும் வழக்கம் வந்தது. இத்தகைய உதவிகள் இருந்தும், இணைப்புகளை மறைக்காமல் கோலத்தின் பகுதியாகவே வரையும் பழக்கம் வேரூன்றிவிட்டது. பூவின் காம்பு இலையைத் தொடும் இடமும், அலையின் நுரை அடுத்த அலையோடு சேரும் இடமும் பெரும்பாலும் தாளின் தேவையால் அமைந்தவை. வெட்டுத்தாள் வழியே சாயமிட்ட ஜப்பானியத் துணிகளில் காணும் தெளிந்த, துண்டு துண்டான வடிவமைப்பு துணியின் இயல்பிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுவதுண்டு. அது தாளை வெட்டியதால் வந்தது என்பதே பொருந்தும்.

சாயக்கலையின் மற்றொரு பெருமரபான யூசெனும் தாளோடு தொடர்புடையதே. அதற்குப் பெயர் தந்த மியாசாகி யூசென், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கியோத்தோவில் விசிறி ஓவியராகப் புகழ்பெற்றவர். விசிறித் தாளில் மக்கள் விரும்பிய அவர் கோலங்கள் உடைக்குச் சென்றன. அதற்கும் முன்பே, 1666–67ஆம் ஆண்டுகளிலிருந்து கிமோனோக் கோலங்களைக் காட்டும் அச்சு நூல்கள் வெளிவரத் தொடங்கியிருந்தன. உடை வாங்குவோர் தாளில் கோலத்தைப் பார்த்தே தேர்ந்தனர்.

கத்தகமி தாளே கலைப்பொருளாகப் பார்க்கப்பட்டது முதலில் ஐரோப்பாவில். ஜப்பான் வணிகத்துக்குத் திறந்தபின், தேய்ந்த வெட்டுத்தாள்கள் கட்டுக்கட்டாக அங்கே போயின. டிரெஸ்டன் நகரின் கைவினைக்கலை அருங்காட்சியகம் 1889இல் வாங்கிய தொகுதியில் சுமார் 15,000 தாள்கள் உள்ளன. லண்டனில் ஆண்ட்ரூ டூவர் 1892இல் நூறு வெட்டுத்தாள்களின் படிகளை நூலாக்கினார். சாயக்காரருக்குத் தேய்ந்த கருவியாக இருந்தது, ஐரோப்பிய வடிவமைப்பாளர்களுக்குப் பாடநூலாயிற்று.

3. தாளுக்குச் சாயமிட்ட பழைய மரபு

தாளுக்கு நிறமேற்றுவது எட்டாம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. பௌத்த சூத்திரப் படிகளுக்குக் கிஹதா என்ற மரப்பட்டையின் மஞ்சள் சாயம் பயன்பட்டது. அதிலுள்ள பெர்பரின் பூச்சிகளை அண்டவிடாது. நீலத்தில் தோய்த்த தாளில் வெள்ளியால் எழுதிய தோதைஜி கோயிலின் சூத்திரச் சுருள், 1667ஆம் ஆண்டுத் தீயில் ஓரம் கருகியும் எஞ்சி நிற்கிறது. நாராவின் ஷோசோயின் கருவூலத்திலுள்ள துணிகளில் மெழுகுத்தடை, கட்டுச்சாயம், பலகையிடை இறுக்கம் என மூன்று முறைகளும் காணப்படுகின்றன.

ஹெயான் காலத்தில் நாரைக் கூழாக இருக்கும்போதே சாயமிட்டு, வெண்தாளின் மேல்விளிம்பில் நீலத்தையும் கீழ்விளிம்பில் ஊதாவையும் மேகம்போல் படியவைக்கும் முறையும் இருந்தது. இது துணியிடமிருந்து கடன் வாங்கியதல்ல. தாள் உருவாகும் நீருக்குள்ளேயே நடப்பது. நெய்த துணியில் இதற்கு வழியே இல்லை. தாளின் சாயமரபு துணியின் நிழலாக மட்டும் இருந்ததில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

4. மலிவான மாற்று என்ற வாதம்

முதல் பார்வைக்கு வலுவூட்டும் பொருள்கள் இல்லாமலில்லை. யூசென் தாள் என விற்கப்படும் தாள்களில் கிமோனோவின் பூக்கள், விசிறிகள், நீரோட்டங்கள் அப்படியே சிறிதாக்கப்பட்டுப் பொன்வரியோடு அச்சாகின்றன. மெய்ஜி காலத்தில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான கின்கரகவா தாள், பொன்பூசிய தோலை ஒத்திருக்கவே செய்யப்பட்டது. எதோ நகரில் (இன்றைய தோக்கியோ) மரக்கட்டையால் அச்சிட்ட சியோகமி தாள்களின் கோலங்களில் பலவும் உடைகளில் கண்டவை. 1864இல் தொடங்கிய இசெத்தாத்சு கடை இன்றும் அவற்றைத் தோக்கியோவில் விற்கிறது.

ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்வது துணி உலகுக்குள்ளேயே வழக்கமாக இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கப்பல்களில் சென்ற வண்ணத்துணி ஜப்பானில் சரசா என்ற பெயரில் அருமதிப்புப் பெற்றது. கலம் என்னும் எழுதுகோல்கொண்டு கையால் வரைந்த அந்தத் துணியைப் பார்த்து ஜப்பானியர் சரசா செய்தபோது, ஒரே கோலத்துக்குப் பல வெட்டுத்தாள்களை அடுத்தடுத்து வைத்து நிறமேற்றினர். கையோட்டத்தின் நெளிவு வெட்டின் கூர்மையாக மாறி, வேறொரு சரசா பிறந்தது. போலச் செய்தல் என்பதை மட்டும் வைத்து ஒரு பொருளைத் தாழ்த்த முடியாது. பொருள் மாறும்போது வடிவம் எவ்வளவு மாறுகிறது என்பதையே பார்க்க வேண்டும். அந்த அளவுகோலில் யூசென் தாள் துணிக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. கத்தசோமே தாள் வெகுதூரம் விலகிச் செல்கிறது.

5. செரிசவா கெய்சுகே: நெடுந்துணியிலிருந்து ஒற்றைப் பக்கத்துக்கு

அந்த விலகலைத் தொடங்கிவைத்தவர் செரிசவா கெய்சுகே (1895–1984). ஷிசுவோகாவில் பிறந்து, தோக்கியோவில் வடிவமைப்புக் கற்ற அவர், 1927இல் மிங்கெய் இயக்கத்தைத் தொடங்கிய யானகி சோயெத்சுவின் கைவினை பற்றிய கட்டுரையைப் படித்தார். அடுத்த ஆண்டு தோக்கியோவின் உவேனோவில் நடந்த கண்காட்சியில் ஒகினாவாவின் வெட்டுத்தாள் சாயத்துணியான பிங்கத்தாவைக் கண்டார். இவ்விரண்டும் அவரைச் சாயக்கலைக்குத் திருப்பின. யானகி 1931இல் தொடங்கிய 'கோகெய்' இதழின் முதலாண்டு அட்டைகளை வெட்டுத்தாள் சாயமிட்ட துணியில் செய்தவர் செரிசவாதான். துணி ஓர் இதழின் அட்டையானபோதே அது உடுத்தும் பொருள் என்ற நிலையிலிருந்து வாசிக்கும் பொருள் என்ற நிலைக்கு வந்துவிட்டது. 1937இல் கார்ல் கெல்லர் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளருக்காக அவர் உருவாக்கிய டான் குயிக்சோட் படநூலில், நாயகன் சாமுராய் உடையில் வருகிறான். அதில் படைப்பைத் தாங்கியது தாளே.

1945ஆம் ஆண்டு வான்தாக்குதலில் தோக்கியோவிலிருந்த அவர் வீடும் பட்டறையும் எரிந்தன. துணி கிடைப்பது அரிதாயிருந்த அக்காலத்தில்தான் 1946ஆம் ஆண்டுக்கான நாட்காட்டியைக் கைத்தாளில் கத்தசோமே முறையில் செய்தார். அந்த வரிசை அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. தட்டுப்பாடுதான் அவரைத் தாளுக்குத் தள்ளியது என்று சொன்னால் பாதி விளக்கமே கிடைக்கும். துணி மீண்டும் தாராளமாகக் கிடைத்த பின்னும் அவர் தாளை விடவில்லை.

மீதி விளக்கம் கோலத்தின் அமைப்பில் இருக்கிறது. கிமோனோவுக்கான ஒரு சுருள் துணி சுமார் 12 மீட்டர் நீளமும் 36 செ.மீ. அகலமும் கொண்டது. அதை நீண்ட பலகையில் ஒட்டி, ஒரே வெட்டுத்தாளை ஓரப்புள்ளிகள் பொருந்த நகர்த்தி நகர்த்திப் பசை பூசுவார்கள். எனவே வெட்டுத்தாளின் மேல்விளிம்பு தன் கீழ்விளிம்போடு தடம் தெரியாமல் சேர வேண்டும். இந்தத் தொடர்ச்சியே கோலத்தை ஆளும் விதி. தாளில் அந்த விதி நீங்குகிறது. நாட்காட்டியின் ஒரு மாதத்துக்கு நான்கு விளிம்புகள் உண்டு, மையம் உண்டு, எண்கள் வரிசையாக அமர வேண்டும். எனவே பூவும் கிளையும் எண்களுக்கு இடம்விட்டு வளைகின்றன. எண்ணும் எழுத்தும்கூட வெட்டப்படும் வடிவமாவதால், துணியை மடித்தாற்போன்ற பட்டைகளில் எழுத்தை அமைக்கும் அவரது புகழ்பெற்ற நடை உருவானது. பக்கம் என்ற ஒன்றைச் சாயக்கலைக்குள் கொண்டுவந்ததே அவரது பெரும் பங்களிப்பு.

1956இல் அரசு அவரை வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தபோது, அவர் பணிக்காகவே 'கத்தயெசோமே' என்ற புதிய வகைப்பெயர் உருவானது. ஓவியம் தீட்டுவதிலிருந்து வெட்டுவது, பசை பூசுவது, நிறமேற்றுவது வரை ஒரே கலைஞரின் பொறுப்பில் இருப்பது இதன் தனித்தன்மை. பழைய முறையில் வெட்டுபவர் ஷிரோகோவிலும் சாயமிடுபவர் கியோத்தோவிலோ எதோவிலோ இருந்தனர். 1976இல் பாரிசின் கிராண்ட் பாலேயில் அவரது பெருங்கண்காட்சி நடந்தது. ஷிசுவோகா நகரில் அவர் பெயரிலான அருங்காட்சியகம் 1981இல் திறக்கப்பட்டது. சைத்தாமா மாநிலத்தின் ஒகாவா என்ற தாள் செய்யும் ஊரைக் கோலமாக்கி அவர் ஒரு கிமோனோவுக்குச் சாயமிட்டதும் இங்கே குறிக்கத்தக்கது. தாளையும் துணியையும் அவர் ஒரே பரப்பாக எண்ணினார் என்பதற்கு அதைவிட நேரான சான்று தேவையில்லை.

6. நீரில் நனையும் தாள்: செய்முறை எழுப்பும் சிக்கல்கள்

துணிக்குச் செய்வதைத் தாளுக்குச் செய்யலாம் என்று சொல்வது எளிது. சாயவேலையில் பொருள் பலமுறை நனைகிறது. இறுதியில் பசையைக் கரைக்க நீரில் நெடுநேரம் ஊறுகிறது. மரக்கூழில் செய்த சாதாரணத் தாள் அங்கேயே கலைந்துவிடும். கோசோ நார் சுமார் 10 மி.மீ. நீளம் கொண்டது, ஊசியிலை மரக்கூழ் நார் சுமார் 3 மி.மீ. மட்டுமே. நீண்ட நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் கைத்தாள் நனைந்தாலும் கிழியாது. கத்தசோமே தாளில் சாத்தியமானதற்கு முதற்காரணம் இந்த நார்தான்.

பசை, ஒட்டரிசி மாவையும் தவிட்டையும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, உப்பும் சுண்ணாம்பும் கலந்து பிசைவது. உப்பு ஈரத்தைப் பிடித்துப் பசை வெடிக்காமல் காக்கும். துணி இழுத்துக் கட்டினால் விறைப்பாக நிற்கும். தாள் பசை காயும்போது சுருங்கி நெளியும். அதனால் பசையின் தடிமனும் ஈரமும் தாளில் இன்னும் கவனமாகப் பார்க்கப்படுகின்றன.

நிறமேற்றுவதில் வேறுபாடு இன்னும் ஆழமானது. துணிச் சாயங்களில் பல, கொதிநீரிலோ ஆவியிலோ இழைக்குள் ஊறிப் பிடிப்பவை. தாளில் பெரும்பாலும் கனிமப்பொடிகளும் மையும் சோயாப்பாலில் குழைத்துப் பூசப்படுகின்றன. சோயாவின் புரதம் காய்ந்து சில நாளில் இறுகி, நிறப்பொடியை நாரோடு பிணைத்துவிடும். அதன்பின் பசையைக் கழுவினாலும் நிறம் போகாது. இந்த முறையும் பிங்கத்தாவிலிருந்து வந்ததே. எனினும் தாளில் நிறம் மேற்பரப்பை ஒட்டி நிற்பதால், துணியில் கிடைக்காத மங்கலான, சுண்ணத்தன்மையுள்ள திண்மை கிடைக்கிறது. கத்தசோமே தாளை மரக்கட்டை அச்சிலிருந்து பிரித்துக் காட்டுவதும் இதுவே: கட்டை அச்சில் மை அழுத்தத்தால் தாளுக்குள் இறங்குகிறது; இங்கே நிறம் தூரிகையால் ஏறி, பசையிருந்த இடம் வெண்மையாக எஞ்சுகிறது.

தாளை மேலும் உறுதியாக்கக் கொன்யாக்குக் கிழங்கின் மாவு உதவுகிறது. சேனைக்கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்த இந்தக் கிழங்கிலிருந்து எடுக்கும் கூழைத் தாளில் பூசி, காரம் சேர்த்தால், அது நீரில் கரையாத படலமாகிறது. இவ்வாறு பதப்படுத்திக் கசக்கி மென்மையாக்கிய தாளில் உடையே தைத்திருக்கிறார்கள். தோதைஜியின் ஆண்டுச் சடங்கில் துறவிகள் அணியும் தாளுடை அந்த மரபின் எச்சம். தோக்குஷிமா பகுதி நீலச்சாயத்துக்கும் கைத்தாளுக்கும் ஒருங்கே பேர்பெற்றது. காரமேறிய நீலத்தொட்டியில் பலமுறை முக்கியெடுத்த தாள்கள் அங்கே இன்றும் உருவாகின்றன. அந்த நீலம் அவுரியிலிருந்து வருவதல்ல. வேறொரு சிறுசெடியின் இலையைச் சுமார் நூறு நாள் நனைத்துப் புளிக்கவைத்துப் பெறுவது.

மடித்துச் சாயமிடுவதில் தாள் துணியை மிஞ்சுகிறது என்றே சொல்லலாம். ஓரிசோமே எனப்படும் இம்முறையில் பசையேற்றாத மெல்லிய தாளை விசிறிமடிப்பாக மடித்து, பின் முக்கோணமாகவோ சதுரமாகவோ மடித்து, பலகைகளுக்கிடையே இறுக்கி விளிம்புகளைச் சாயத்தில் தொடுவார்கள். மடிப்பின் விளிம்பு கூர்மையாக நிற்பதால் நிறம் அந்தக் கோட்டோடு ஓடுகிறது. இறுக்கிய இடத்தில் நிற்கிறது. துணியில் மடிப்பு தளர்ந்து விளிம்பு மங்கிவிடும். விரித்தபின் தாளில் மடிப்புக்கோடு அழியாமல் இருப்பதால், செய்முறையே கோலத்தின் பகுதியாகிறது.

7. ஒகினாவாவும் மிங்கெய் விளக்கத்தின் குறையும்

இரண்டாம் பார்வை, யானகி வழிவந்த மிங்கெய் விளக்கம், பொருளின் இயல்புக்கு உரிய மதிப்பைத் தருகிறது. தாளைப் பற்றித் தனியே எழுதி அதன் அழகை முன்வைத்ததும் யானகிதான். ஆனால் அந்த விளக்கம் வரலாற்றை மென்மையாக்கிவிடுகிறது. பிங்கத்தா பெயரறியாப் பொதுமக்களின் கைவினை அல்ல. ஒகினாவாவை ஆண்ட ரியூக்கியூ அரசின் காலத்தில் அதன் பெரிய கோலங்களும் சில நிறங்களும் அரசகுடும்பத்துக்கும் உயர்குடியினருக்கும் உரியவை. 1879இல் ஜப்பான் அந்த அரசை இணைத்துக்கொண்டபின் அதற்கு ஆதரவாளர் இல்லாமற்போனது. தலைநகர் இயக்கத்தினர் அதைக் கண்டெடுத்து நாட்டார் கலை என்று பெயரிட்ட செயலில் உண்மையான அன்பும் இருந்தது, ஆட்சி செய்யும் நாட்டின் பார்வையும் இருந்தது. யூக்கோ கிக்குசி போன்ற ஆய்வாளர்கள் இந்த இரண்டாவது கூறை வலியுறுத்துகின்றனர். அவர்கள் வாதம் ஏற்கத்தக்கது.

1945ஆம் ஆண்டுப் போர் ஒகினாவாவின் பட்டறைகளையும் வெட்டுத்தாள்களையும் பெருமளவு அழித்தது. ஷிரோமா எய்கி (1908–1992) பிங்கத்தாவை மீட்டபோது, கத்தகமி கிடைக்காததால் படையினர் விட்டுச்சென்ற நிலவரைபடத் தாள்களில் கோலம் வெட்டினார். தோட்டா உறைகளைப் பசை பிழியும் முனைகளாக்கினார். உடைந்த இசைத்தட்டுகளால் பசை தேய்த்தார். செரிசவாவின் தாள்கள் பெற்ற உலகப் புகழோடு இந்த மீட்புப்பணியும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

8. அச்சுப்படமா, சாயவேலையா

மூன்றாம் பார்வையைச் சோதிக்க ஏற்றவர் வத்தனாபே சதாவோ (1913–1996). பதினேழாம் வயதில் திருமுழுக்குப் பெற்ற இவர், செரிசவாவிடம் கற்று, விவிலியக் காட்சிகளையே வாழ்நாளெல்லாம் படைத்தார். கசக்கிய மொமிகமி தாளில் கறுத்த கோடுகளும் மண்நிறங்களும் கொண்டு, கடைசி இராவுணவு மேசையில் மீனும் சாக்கே என்னும் அரிசி மதுவும் வைத்துக் காட்டியவர். கசக்கலால் வந்த சுருக்கங்களில் நிறம் வேறுவிதமாகத் தங்கி, பரப்பெங்கும் மெல்லிய வரிகள் ஓடுகின்றன. அவர் படங்கள் அமெரிக்க அருங்காட்சியகங்களின் அச்சுப்படத் தொகுப்புகளில் இடம்பெற்றிருக்கின்றன. எண்ணிட்ட படிகளாக வந்ததால் அந்த வகைப்பாடு வசதியானது. எனினும் அழுத்துபொறியோ கட்டையோ மை உருளையோ அவற்றில் இல்லை. ஒவ்வொரு படியும் தனியே பசை பூசி, நிறம் தீட்டி, நீரில் கழுவப்பட்டது. சாயத்தொழிலிலிருந்து அச்சுப்படத்துக்கு மாறிய மோரி யோஷித்தோஷி (1898–1992) கலையா கைவினையா என்ற விவாதத்தில் மிங்கெய் வட்டத்தோடு முரண்பட்டு விலகியதும், வகைப்பெயர் வெறும் பட்டியல் வசதி அல்ல என்பதைக் காட்டுகிறது.

தொயாமா மாநிலத்தின் யாத்சுவோ ஊர் வேறொரு பாதையில் சென்றது. ஊர் ஊராகச் சென்று மருந்து விற்றவர்களுக்கு மருந்துறைத் தாள் செய்து வாழ்ந்த அந்த ஊரில், யோஷிதா கெய்சுகே 1960இல் கெய்ஜுஷா பட்டறையை நிறுவினார். செரிசவாவோடு கொண்ட நெருக்கத்தால் கத்தசோமே தாள் அங்கே முதன்மைத் தொழிலாயிற்று. அந்தத் தாள்கள் பெட்டிகளுக்கும் பணப்பைகளுக்கும் நூலட்டைகளுக்கும் வெட்டி ஒட்டப்படுகின்றன. எந்த இடத்தில் வெட்டினாலும் கோலம் நிறைவாக இருக்க வேண்டுமென்பதால், செரிசவாவின் பக்கம் விட்டுவிட்ட தொடர்கோலம் யாத்சுவோவில் மீண்டும் விதியாகிறது. நெசவுத்துணியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் ஏற்ப உருவான அந்த அமைப்பு, இப்போது பெட்டி மூடியின் அளவுக்கு ஏற்பத் திரும்ப வரையப்படுகிறது.